குடிக்கும் வயது 18 ஆக இருந்திருந்தால் அந்தப் பையன் என் கதவைத் தட்டியிருப்பானா?

மூன்றாம் மாடி வார்டன்:

வணக்கம். மாணவர் விடுதி ஒன்றில் பதினாறு வருஷமாக வார்டன் வேலை. எந்த விடுதி, எந்த ஊர் என்பதெல்லாம் வேண்டாமே. எங்கள் பகுதியில் மது வாங்கவும் குடிக்கவும் சட்டப்படி 21 வயது ஆகியிருக்க வேண்டும். விடுதிப் பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் 18லிருந்து 20க்குள். விதிப்புத்தகத்தில் இதற்கு ஒரே வரிதான்: குடித்துப் பிடிபட்டால் விடுதியிலிருந்து நீக்கம், போலீசுக்கும் தகவல். அந்த வரியை எழுதிய குழுவில் நானும் ஒருவன். அன்றைக்குப் பெருமையாகத்தான் கையெழுத்துப் போட்டேன்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை ராத்திரி, மணி மூன்றேகால் இருக்கும். தூக்கம் கலைந்து வெளியே வந்தால், குழாயடியில் விளக்குப் போடாமல் ஒரு பையன் நீல வாளி ஒன்றைக் கழுவிக்கொண்டிருக்கிறான். "என்னப்பா இந்த நேரத்துல?" "துணி துவைக்கிறேன் சார்." வாளியில் துணி இல்லை. நெடிதான் இருந்தது.

அறைக்குள் போனேன். கட்டிலைச் சுற்றி மூன்று பேர் நிற்கிறார்கள். கட்டிலில் ஒருவன் மல்லாக்கக் கிடக்கிறான், வயது 19. சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. தெளியட்டும் என்று தலையோடு தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள். மேஜையில் ஆறிப்போன காபி. அதையும் புகட்டப் பார்த்திருக்கிறார்கள். கன்னத்தில் தட்டினேன், கண் திறக்கவில்லை. உதட்டின் நிறம் சரியில்லை. மூச்சு வருகிறது, நிற்கிறது, போய்விட்டதோ என்று நாம் குனியும்போது மறுபடி வருகிறது. எப்போதிலிருந்து இப்படி என்று கேட்டேன். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "ஒரு மணியிலேர்ந்து சார்."

ஆம்புலன்ஸ் வந்தது. பையன் பிழைத்துக்கொண்டான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அதையே கேட்பீர்கள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அந்த வாளிப் பையன் என் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னதுதான் என்னைத் தூங்க விடவில்லை. "ரெண்டு தடவை உங்க கதவு வரைக்கும் வந்தேன் சார். தட்டறதுக்குக் கை வரல." மறுநாள் எண்ணிப் பார்த்தேன். அவர்கள் அறை வாசலிலிருந்து என் கதவுக்கு இருபத்தேழு எட்டு.

இப்போது நிர்வாகம் என்னிடம் எழுத்தில் கருத்துக் கேட்டிருக்கிறது. சட்டத்தையே 18 ஆக்கச் சொல்லி ஒரு கோரிக்கை வேறு சுற்றில் இருக்கிறது. அதில் கையெழுத்துப் போடலாமா என்று ஆசிரியர்கள் சிலர் யோசிக்கிறார்கள். இதுநாள்வரை நான் 21 கட்சி. இப்போது தடுமாறுகிறேன். குடிப்பது குற்றமாக இல்லாதிருந்தால் ஒரு மணிக்கே தட்டியிருப்பார்கள் இல்லையா? விஷயம் தெரிந்தவர்கள் காரணத்தோடு சொல்லுங்கள். "இந்தக் காலத்துப் பசங்க" என்று தொடங்குகிறவர்கள் தயவுசெய்து வேண்டாம். அந்தப் பேச்சை நானே நிறையப் பேசி முடித்துவிட்டேன்.

தராசு முள்:

வார்டன் ஐயா, பையன் பிழைத்தது நிம்மதி. நான் சட்டம் கற்பித்து ஓய்வு பெற்றவன். நீங்கள் கேட்பதை ஏற்கெனவே சில நாடுகள் செய்து பார்த்து, கையைச் சுட்டுக்கொண்டும் இருக்கின்றன. அதை மட்டும் சொல்கிறேன்.

அமெரிக்காவில் மதுவிலக்கு 1933இல் முடிந்தபின் பெரும்பாலான மாநிலங்கள் 21 என்று வைத்தன. வியட்நாம் போருக்கு 18 வயதில் ஆள் எடுக்கிறீர்கள், ஓட்டுப் போட மட்டும் 21 ஆக வேண்டுமா என்ற கோபத்தில் 1971இல் அரசியல் சட்டத்தின் 26ஆவது திருத்தம் வந்து வாக்குரிமை 18 ஆயிற்று. அந்தச் சூட்டோடு பல மாநிலங்கள் குடிக்கும் வயதையும் இறக்கின. ஒன்றில் 18, அடுத்ததில் 19, அதற்கடுத்ததில் 21. விளைவு என்ன? 21 மாநிலத்துப் பிள்ளைகள் காரை எடுத்துக்கொண்டு எல்லை தாண்டிப் போய்க் குடித்துவிட்டு அதே காரில் திரும்பினார்கள். அந்த எல்லைகளுக்கு 'ரத்த எல்லைகள்' என்றே பெயர் விழுந்தது.

1984 ஜூலையில் ஜனாதிபதி ரேகன் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். வயதை நிர்ணயிப்பது மாநிலங்களின் வேலை என்பதால் மத்திய அரசு நேரடியாகக் கை வைக்கவில்லை. 21க்குக் கீழே விற்க அனுமதிக்கும் மாநிலத்துக்கு நெடுஞ்சாலை நிதியில் ஒரு பங்கைப் பிடித்துக்கொள்வோம் என்றது. தெற்கு டகோட்டா மாநிலம் வழக்குப் போட்டது. 1987இல் உச்ச நீதிமன்றம் மத்திய அரசு பக்கம் நின்றது. 1988க்குள் ஐம்பது மாநிலங்களும் 21க்கு வந்து சேர்ந்தன. வயதை ஏற்றிய மாநிலங்களில் சாலை விபத்துகள் ஏறக்குறைய 16 சதவீதம் குறைந்ததாக அந்நாட்டு நோய்க்கட்டுப்பாட்டு மையம் சொல்கிறது.

எதிர்த்திசையில் போன நாடு நியூசிலாந்து. 1999இல் 20ஐ 18 ஆக்கினார்கள். பிறகு நடந்த ஆய்வில், சற்று மூத்த வயதினரோடு ஒப்பிட்டால் 18, 19 வயதினரின் விபத்துக் காயங்கள் கூடியிருந்தன. 15லிருந்து 17 வரையுள்ளவர்களிடமும் கூடியிருந்தன. சட்டம் அவர்களைத் தொடவே இல்லை, ஆனாலும். 2012இல் நாடாளுமன்றத்தில் மறுபடி விவாதம் வந்தது; கடையில் வாங்க 20, மதுக்கூடத்தில் 18 என்று பிரித்து வைக்கலாமா என்றார்கள். கடைசியில் 18ஐயே வைத்துக்கொண்டார்கள்.

இன்னொன்று. ஓட்டுக்கு 18, மதுவுக்கு 21 என்பது முரண் என்பார்கள். ஜப்பான் 2022 ஏப்ரலில் வயதுவந்தோர் என்பதற்கான வயதை 20லிருந்து 18 ஆக்கியது. மதுவையும் புகையையும் மட்டும் 20இலேயே விட்டது. அமெரிக்காவில் ஜனாதிபதியாக 35 வயது வேண்டும். அதை யாரும் முரண் என்று சொல்லி நான் கேட்டதில்லை.

இன்னும் ரெண்டு வருஷம்:

நான் 19. பேர்லயே தெரியும். இந்த விவாதத்துல எங்களைத் தவிர எல்லாரும் பேசறாங்க, அதான் வந்தேன்.

தராசு முள் ஐயா சொன்ன கணக்கு முழுக்க கார் கணக்கு. எங்க விடுதியில யார்கிட்டயும் கார் இல்ல. வார்டன் சார் சொன்ன ரூம்ல என்ன நடந்திருக்கும்னு நான் சொல்றேன். வெளிய உக்காந்து ஒரு கிளாஸை ஒரு மணி நேரம் வச்சுக் குடிக்க முடியாது, ஐடி கேப்பாங்க. அதனால யாரோ ஒரு சீனியர் வாங்கித் தருவான். பாட்டில் ரூமுக்கு வந்தாச்சுன்னா அது வெடிகுண்டு மாதிரி, சீக்கிரம் காலி பண்ணணும். பீர் எடுத்தா இடத்தை அடைக்கும், சத்தம் போடும், அதனால ஸ்ட்ராங்கா சின்ன பாட்டில். கதவைச் சாத்தி, ஜன்னலைத் திறந்து, இருபது நிமிஷத்துல முடிச்சுடுவாங்க. அளவு தெரிஞ்ச பெரியவங்க ஒருத்தர் கூட அந்த ரூம்ல கிடையாது. 21ன்னு வச்சதால குடி நிக்கல சார், வேகம்தான் கூடிச்சு.

இதை நான் மட்டும் சொல்லல. 2008ல அமெரிக்காவுலயே நூத்துக்கும் மேல கல்லூரித் தலைவர்கள் சேர்ந்து, 21 சரியான்னு திறந்து பேசுங்கன்னு கையெழுத்துப் போட்டாங்க. அமெதிஸ்ட் முயற்சின்னு பேரு. ஜெர்மனியில 16ல பீரும் ஒயினும், 18ல மத்ததெல்லாம். அப்பா அம்மா பக்கத்துல உக்காந்தா 14லயே பீர் தரலாம். இந்தியாவையே எடுங்க. கோவாவுல 18, ஒட்டியிருக்கிற மகாராஷ்டிராவுல விஸ்கி மாதிரி ஐட்டத்துக்கு 25. எல்லையில ஒரு கால் எடுத்து வச்சா என் ஈரலுக்கு ஏழு வயசு கூடிடுமா?

கோபமா எழுதிட்டேனோ என்னவோ. அந்த வாளிப் பையன் நானா இருந்தாலும் தட்டியிருக்க மாட்டேன். அதான் உண்மை.

இரவு டூட்டி:

அவசர சிகிச்சைப் பிரிவுல நர்ஸ், பத்தொன்பது வருஷம். வார்டன் சார், வயசு கதை அப்புறம். முதல்ல உங்க பசங்க பண்ணின தப்பைச் சொல்லிடறேன், இதைப் படிக்கிற யாருக்காவது இன்னைக்கு ராத்திரியே தேவைப்படலாம்.

மல்லாக்கப் படுக்க வச்சது முதல் தப்பு. போதை அந்த அளவுக்கு ஏறினா தொண்டையோட காவல் போயிடும். வாந்தி வந்தா வெளிய துப்பத் தெரியாது, நுரையீரலுக்குள்ள போயிடும். ஒருக்களிச்சுப் படுக்க வைங்க, மேல இருக்கிற முழங்காலை மடக்கி முன்னாடி ஊன்றி, கையை கன்னத்துக்கு அடியில கொடுத்து, வாய் தரையைப் பார்க்கிற மாதிரி. பச்சைத் தண்ணி ஊத்தினது ரெண்டாவது தப்பு. மது உடம்புச் சூட்டை ஏற்கெனவே வெளிய விட்டுக்கிட்டு இருக்கும், நீங்க இன்னும் குளிர வைக்கிறீங்க. காபி எதுக்கும் உதவாது. ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய ஒரு சின்ன பெக் அளவு மதுவைத்தான் ஈரல் கரைக்கும், அதுதான் அதோட வேகம். காபி கொடுத்தாலும் குளிப்பாட்டினாலும் ஓட வச்சாலும் அது அவசரப்படாது.

எல்லாத்தையும் விடப் பெரிய தப்பு "தூங்கினா சரியாயிடும்". கடைசியா வேகமா ஊத்திக்கிட்டது இன்னும் வயித்துலதான் இருக்கு. ஆள் மயங்கிட்ட பிறகும் ரத்தத்துல அளவு ஏறிக்கிட்டே இருக்கும். ஒரு மணிக்குப் பார்த்ததை விட ரெண்டு மணிக்கு மோசமா இருப்பான். மூச்சை எண்ணுங்க. நிமிஷத்துக்கு எட்டுக்குக் கீழ போனா, இல்ல ரெண்டு மூச்சுக்கு நடுவுல பத்து வினாடிக்கு மேல இடைவெளி விழுந்தா, உதடோ நகமோ நீலமானா, எழுப்பினா எழலேன்னா, வேற யோசனையே வேண்டாம், ஆம்புலன்ஸ்.

இப்ப வயசு. நான் 18 சட்டம் இருக்கிற நாட்டுல ஆறு வருஷம், 21 இருக்கிற இடத்துல பதிமூணு வருஷம் வேலை பார்த்திருக்கேன். 21ல வர்ற பசங்ககிட்ட வயசு கேட்டா எல்லாரும் 21, எல்லாரும் ஒரே நாள்ல பொறந்த மாதிரி. என்ன குடிச்சான்னு கேட்டா, சாப்பாடு ஒத்துக்கலன்னு சொல்வாங்க. இதுல அரை மணி நேரம் போகும். அந்தத் தம்பி சொன்னது நிஜம்தான்.

ஆனா 18 இருக்கிற நாட்டுல சீக்கிரம் கொண்டுவந்தாங்களான்னு கேட்டீங்கன்னா, இல்ல. 18, 19 வயசுக்காரங்களை, "இது சகஜம்தானே, தூங்கட்டும்"னு விட்டுட்டு லேட்டாத்தான் கொண்டுவந்தாங்க. 16, 17 வயசுப் பிள்ளைங்களை ஒளிச்சு வச்சாங்க. அங்க பொய் சொல்ற வயசு கீழ இறங்கியிருந்துச்சு, அவ்வளவுதான். உங்க வாளிப் பையன் சட்டத்துக்கா பயந்தான்? உங்க விதிப்புத்தகத்துல இருக்கிற அந்த ஒரு வரிக்குப் பயந்தான். ரெண்டும் வேற வேற சார்.

ஐடி காட்டுங்க:

மது விற்கிற கவுண்டர்ல நின்ன ஆள். சுருக்கமா.

21 இருந்த இடத்துல எனக்குத் தலைவலி கொடுத்தது 20 வயசுக்காரன் இல்ல, அவனுக்கு வாங்கித் தர்ற 22. ஒரு ஆள், ஆறு பாட்டில், வெளிய ஆறு பேர் திரும்பி நிப்பாங்க. 18 ஆக்கினா அந்த 22 காணாமப் போயிடும், சரி. ஆனா 18 வயசுக்காரன் யாரோட சுத்தறான்? பள்ளிக்கூடத்துல கடைசி வருஷம் படிக்கிறவன் அவன். அவன் பின்னாடி நிக்கிறது 16ம் 15ம். நியூசிலாந்துல 15 வயசுக்கும் ஏறிச்சுன்னு மேல ஒருத்தர் எழுதியிருக்கார் பாருங்க, எனக்கு அதுல ஆச்சரியமே இல்ல.

இன்னொன்னு, ஐடியைப் பார்த்துப் பிறந்த வருஷத்தைக் கழிச்சுப் பார்க்கிறவங்க கம்மி. போட்டோவையும் மூஞ்சியையும் பார்ப்பாங்க, தள்ளிவிடுவாங்க. பின்னாடி வரிசை நிக்கும். சட்டத்துல எந்த நம்பர் போட்டாலும் கடைசியில அதை நடத்துறது எட்டு மணி நேரமா கால் கடுக்க நிக்கிற ஒரு ஆள்.

மூன்றாம் மாடி வார்டன்:

எல்லோருக்கும் நன்றி. 'இரவு டூட்டி' சிஸ்டர், நீங்கள் எழுதியதை மூன்று தடவை படித்தேன். நான் போனபோது அவன் மல்லாக்கக் கிடந்தான், நானும் ஆம்புலன்ஸ் வரும்வரை அப்படியேதான் விட்டேன். பதினாறு வருஷ சர்வீஸ், ஒருக்களித்துப் படுக்க வைக்கத் தெரியவில்லை. தீயணைப்பானை எப்படிப் பிடிப்பது என்று வருஷா வருஷம் பயிற்சி கொடுக்கிறார்கள். தீ ஒரு தடவைகூடப் பிடித்ததில்லை.

'இன்னும் ரெண்டு வருஷம்' தம்பி, கோபம் சரிதான். நீ சொன்ன அந்த இருபது நிமிஷக் கணக்கை என் பையன்களிடம் கேட்டேன். இருபத்தைந்து என்றார்கள்.

சிஸ்டர், ஒரு சந்தேகம். விதியை எடுத்துவிட்டால், இனி பயமில்லை என்று எல்லோரும் குடிக்க ஆரம்பித்துவிட மாட்டார்களா? கமிட்டியில் முதல் கேள்வி இதுவாகத்தான் இருக்கும்.

இரவு டூட்டி:

விதியை எடுக்கச் சொல்லல சார். கூப்பிட்டவனைத் தண்டிக்காதீங்கன்னுதான் சொல்றேன். அமெரிக்காவுல கார்னெல் பல்கலைக்கழகம் 2002ல இதை ஆரம்பிச்சது. குடிச்சு ஆபத்துல இருக்கிறவனுக்காக உதவிக்குக் கூப்பிட்டா, கூப்பிட்டவனுக்கும் விழுந்து கிடக்கிறவனுக்கும் ஒழுங்கு நடவடிக்கை கிடையாது. ஆனா விழுந்தவன் பிறகு ஆலோசகர்கிட்ட போய் உக்காரணும். உதவி கேட்டு வர்ற அழைப்புகள் கூடிச்சு. மாட்டிக்குவோம்னு பயந்து கூப்பிடாம விட்டோம்னு சொன்னவங்க குறைஞ்சாங்க. ஆலோசகர்கிட்ட போனவங்க ரெண்டு மடங்குக்கும் மேல ஆனாங்க. இன்னைக்கு அங்க பெரும்பாலான மாநிலங்கள்ல இது சட்டமாவே இருக்கு. 21 அப்படியேதான் இருக்கு, ஒரு வயசு கூடக் குறைக்கல.

ராத்திரி டூட்டி இருக்கு, கிளம்பறேன்.

பதினோரு வருஷம்:

நான் குடியை விட்டுப் பதினோரு வருஷம் ஆகிறது. அதனால்தான் இந்தப் பெயர். ஜெர்மனி மாதிரி வீட்டில் பெரியவர்கள் முன்னால் பழக்கிவிட்டால் அளவு தெரிந்து வளர்வார்கள் என்று தம்பி சொல்கிறார் அல்லவா, அதைப் பற்றித்தான்.

எனக்கு முதல் கிளாஸ் ஊற்றியது என் அப்பா. எனக்கு 14. வெளியே போய்த் திருட்டுத்தனமாகக் குடிப்பதற்கு என் முன்னால் குடிக்கட்டும் என்று நல்ல மனசோடுதான் ஊற்றினார். அவருக்கு ஒரு கிளாஸோடு நிற்கத் தெரியும். எனக்குத் தெரியவில்லை. அவர் கற்றுக்கொடுக்க நினைத்தது அளவு. நான் கற்றுக்கொண்டது, இது வீட்டில் கிடைக்கும் பொருள் என்பது. அந்தக் கிளாஸ் இன்னும் நினைவிருக்கிறது: கனமான அடிப்பாகம், பக்கவாட்டில் கோடு கோடாக வெட்டு. அப்பா மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் இருந்தவரை இதை அவரிடம் சொன்னதும் இல்லை.

1997இல் அமெரிக்காவில் ஒரு பெரிய கணக்கெடுப்பை வைத்து வந்த ஆய்வு: 15 வயதுக்கு முன்னால் குடிக்கத் தொடங்கியவர்களில் ஏறக்குறைய 40 சதவீதம் பேர் வாழ்க்கையில் ஏதோ ஒரு கட்டத்தில் குடிக்கு அடிமையானார்கள், 20, 21 என்று தள்ளிப்போட்டவர்களில் 10 சதவீதம். சீக்கிரம் குடித்ததால்தான் அடிமையானார்கள் என்று இது நிரூபித்துவிடவில்லை. அடிமையாகிற வாகு உள்ளவன்தான் சீக்கிரமே குடிக்கிறானோ என்னவோ. நான் இரண்டாவது வகை என்றே எனக்குத் தோன்றும். அப்படியே இருந்தாலும், என் மாதிரி ஆளுக்கு ஏழு வருஷம் தள்ளிப் போயிருந்தால் எவ்வளவோ மிச்சமாகியிருக்கும். முன்யோசனைக்கான மூளைப் பகுதி முழுசாக முதிர இருபதுகளின் நடுப்பகுதி ஆகிவிடும் என்கிறார்கள். 14இல் என்னிடம் அதில் எவ்வளவு இருந்திருக்கும்!

ஐரோப்பா முழுக்க ஜெர்மனி வழியில் போகிறது என்றும் நினைக்க வேண்டாம். நெதர்லாந்து 2014இல் 16ஐ 18 ஆக்கியது. லிதுவேனியா 2018இல் 18ஐ 20 ஆக்கியது. இப்படி மேலே ஏறியவர்களும் இருக்கிறார்கள்.

ஆனால் என்னை யோசிக்க வைத்த நாடு ஐஸ்லாந்து. அங்கே 20தான் சட்டம், ரொம்ப வருஷமாக. அப்படியிருந்தும் 1998இல் 15, 16 வயதுப் பிள்ளைகளில் 42 சதவீதம் பேர் போன முப்பது நாளில் ஒரு தடவையாவது போதையேறக் குடித்ததாகச் சொன்னார்கள். 2016இல் அது 5 சதவீதம். இந்த இடைவெளியில் குடிக்கும் வயதை மாற்றவில்லை. பிள்ளைகளுக்கு விளையாட்டும் இசையும் கற்றுக்கொள்ள அரசே கட்டணம் தந்தது. ராத்திரி இத்தனை மணிக்கு மேல் வெளியே சுற்றக் கூடாது என்று கட்டுப்பாடு வைத்தது. பெற்றோர்கள் தங்களுக்குள் ஒப்பந்தம் எழுதிக்கொண்டு கையெழுத்துப் போட்டார்கள். வருஷா வருஷம் பிள்ளைகளிடமே கேட்டு எண்ணிக்கொண்டும் இருந்தார்கள்.

இன்னும் ரெண்டு வருஷம்:

அண்ணா, படிச்சேன். உங்க அப்பா விஷயத்துக்கு எனக்குப் பதில் சொல்லத் தெரியல.

ஆனா ஐஸ்லாந்துல விளையாட்டுக்குக் காசு தந்தாங்கன்னு சொல்றீங்க. எங்க விடுதியில மைதானத்து விளக்கு எட்டு மணிக்கு அணையும். ஒம்பது மணியிலேர்ந்து தூங்கற வரைக்கும் எங்களுக்கு என்ன இருக்கு? நான் 18 கேக்கறதை விட்டுடறேன்னு வைங்க. அதுக்குப் பதிலா என்ன தருவீங்க?

தராசு முள்:

நல்ல கேள்வி தம்பி. உங்கள் வார்டனிடம் கேட்க வேண்டிய கேள்வியும்கூட. என் பங்குக்கு ஒரு திருத்தம். என் கணக்கு கார்க் கணக்கு என்றீர்கள், ஒப்புக்கொள்கிறேன். 21க்கு ஆதரவாகக் கிடைக்கும் வலுவான சான்றுகளில் பெரும்பகுதி சாலையில் சேகரித்ததுதான். மூடிய அறைக்குள் அது என்ன செய்கிறது என்பதற்கு அதே வலுவோடு நான் எதையும் காட்ட முடியாது. ஸ்வீடனில் மதுக்கூடத்தில் உட்கார்ந்து குடிக்க 18, அரசுக் கடையில் பாட்டில் வாங்கிப் போக 20 என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். நாலு பேர் பார்வையில் குடிக்கலாம், அறைக்குக் கொண்டுபோகாதே என்கிறது அந்தச் சட்டம். நீங்கள் சொன்ன இருபது நிமிஷப் பாட்டிலுக்குச் சட்டத்தில் ஒரு பதில் தேட வேண்டுமென்றால் நான் அங்கேதான் தேடுவேன்.

மூன்றாம் மாடி வார்டன்:

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும்.

18 கோரிக்கையில் நான் கையெழுத்துப் போடவில்லை. ஆசிரியர்களில் இருவர் போட்டார்கள், அவர்களோடு எனக்குச் சண்டை ஒன்றும் இல்லை. நியூசிலாந்தின் 15 வயதும் கவுண்டர்காரர் சொன்ன வரிசையும் மனதில் நின்றுவிட்டன. 20 வயதுக்காரனுக்கு 21 சட்டம் அநியாயம் செய்கிறது என்று இப்போதும் நினைக்கிறேன். அவன் பின்னால் நிற்கும் சின்னவனுக்காகத்தான் அந்த அநியாயத்தை ஒத்துக்கொள்கிறேன். இதைக் கமிட்டியில் இதே வார்த்தையில் சொன்னேன், யாரும் குறிப்பெடுக்கவில்லை.

நான் எழுதிக் கொடுத்தது விதிப்புத்தகத்தின் அந்த ஒரு வரிக்கு மாற்று. உதவிக்குக் கூப்பிட்டவன் மேலும் யாருக்காகக் கூப்பிட்டானோ அவன் மேலும் நடவடிக்கை கிடையாது, பெயர் போலீசுக்குப் போகாது, விழுந்தவன் மூன்று தடவை ஆலோசகரைப் பார்க்க வேண்டும். எதிர்பார்த்த கேள்வி வந்தது: "அப்போ குடிச்சிட்டு எல்லாரும் உங்க கதவைத் தட்டுவாங்களா?" தட்டட்டும் என்றேன். ஒன்றரை மணி நேரம் இழுத்தார்கள். கூப்பிட்டவனுக்கு மன்னிப்பு உண்டு. விழுந்தவனுக்கு முதல் தடவை மட்டும் உண்டு. அவ்வளவுதான் கிடைத்தது. போலீஸ் பற்றிய சொற்களை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைத்திருக்கிறார்கள். அன்றைக்கு அந்த அறையில் இருந்த பையன்கள் மேல் நடவடிக்கை பழைய விதிப்படியா புதிய விதிப்படியா என்பதும் அங்கேதான் முடிவாகும். மைதான விளக்கு பத்து மணிவரை எரிகிறது. மின்கட்டணத்துக்கு யார் பொறுப்பு என்று தனியாக ஒரு கடிதம் வந்திருக்கிறது, பதில் எழுத வேண்டும்.

சிஸ்டர் எழுதிய மூச்சுக் கணக்கைப் பெரிய எழுத்தில் எழுதி ஒவ்வொரு மாடியிலும் குழாயடியில் ஒட்டியிருக்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை முதலாமாண்டுப் பிள்ளைகளைக் கூட்டி, ஒருக்களித்துப் படுக்க வைப்பதைச் செய்து காட்டச் சொன்னேன். படுத்துக் கிடக்கும் ஆளாக யாரும் வர மாட்டேன் என்றார்கள், சிரிப்பு வேறு. கடைசியில் நானே படுத்தேன். முழங்காலை மடக்கி, என் கையைக் கன்னத்துக்கு அடியில் கொடுத்து, தலையைத் திருப்பி வைத்தவன் அந்த வாளிப் பையன்தான். கை நடுங்கவில்லை.

நீல வாளி இன்னும் என் அறையில்தான் இருக்கிறது. அது அவர்களுடையது என்று நேற்றுத்தான் நினைவு வந்து, எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன். "இருக்கட்டும் சார், அப்புறம் வந்து வாங்கிக்கறேன்" என்றான்.